காவல்காரன் வாயைக் கட்டியது யார்?

"ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என் மூட்டையைக் கட்டி மேலே அனுப்புவேன். அதில் உங்கள் திருத்தம் இருக்கும், அல்லது உங்கள் டிரைவரை நீக்கும் உத்தரவு இருக்கும். இரண்டில் ஒன்று. அன்புடன், போகுமில்."

சனிக்கிழமை காலை, துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நவ்ரெஸ் இதைப் படித்தாள். கெர்னல்காரர்கள் கழுத்தை அறுக்கும்போதும் 'அன்புடன்' போட்டுத்தான் அறுப்பார்கள். அது அவர்களுடைய பண்பாடு.

கெர்னல் என்றால் கணினியின் அடித்தளத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற நிரல். இவர்கள் எழுதுவது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை, ஊர் உலகமே கூடி எழுதுவது. யாரும் ஒரு திருத்தத்தை எழுதி மெயில் குழுவுக்கு அனுப்பலாம். அதற்குப் பேட்ச் என்று பெயர். நாலு பேர் அதைப் போட்டுக் குதறுவார்கள். குதறியது போக மிச்சம் ஏதாவது இருந்தால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் எடுத்துக்கொண்டு, மற்ற திருத்தங்களோடு மூட்டையாகக் கட்டித் தலைமைக்கு அனுப்புவார். நெட்வொர்க் கார்டுகளுக்குப் பொறுப்பு, செக் நாட்டு ப்ர்னோவில் இருக்கும் போகுமில்.

நவ்ரெஸ் எழுதியது ஒரு மலிவு விலைக் கார்டை ஓடவைக்கும் டிரைவர் என்ற சின்ன நிரல். வயிற்றுப்பாட்டுக்கு அவள் கணக்கு மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே அவள் எழுதுவதெல்லாம் மேலாளர் பெயரில் போகும். இந்த டிரைவரின் தலைப்பில் மட்டும் அவள் பெயர் இருக்கிறது. எங்கேயோ முகம் தெரியாத ஒருவரின் பெட்டிக்குள் தன் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாலே அவளுக்குக் கிறுகிறுக்கும். அதைத்தான் நாளைக்குத் தூக்கப் போகிறார்கள்.

எதிரே அவளுடைய அண்ணன் காஸி மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல்.

"என்ன மூஞ்சி இப்படிக் கிடக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"என் டிரைவர் சாகப் போகுதுண்ணே. பஸ்ரால ஒரு மாவு மில்லுல கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு போயிடுது. முட்டுக்கட்டை."

"முட்டுக்கட்டையா? உன் பெட்டிக்குள்ள எவன் முட்டிக்கிறான்?"

"ரெண்டு வேலை. ஒண்ணு அனுப்பற வேலை, இன்னொண்ணு கார்டைத் தூங்க வைக்கிற வேலை. ரெண்டுக்கும் மின்சாரப் பூட்டு, வரிசைப் பூட்டுன்னு ரெண்டு பூட்டும் வேணும். இப்ப நீ கரண்டியை வச்சிருக்கே, நான் தட்டை வச்சிருக்கேன். தட்டு வந்தாத்தான் கரண்டியை விடுவேன்னு நீ நிக்கிறே. கரண்டி வந்தாத்தான் தட்டை விடுவேன்னு நான் நிக்கிறேன்."

"நான் ஏன் நிக்கிறேன்? ஓங்கி ஒண்ணு குடுத்தா நீயே தட்டைத் தந்துடுவே."

"கெர்னல்ல அடிக்க முடியாது! அதான் வினையே. ரெண்டு பேரும் அப்படியே நிப்பாங்க, பிளக்கைப் பிடுங்கற வரைக்கும்."

"சோறு ஆறிடுமேடி," என்றான் காஸி. அவன் கவலை அவனுக்கு.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவள் முதல் பேட்சை அனுப்பிவிட்டாள். ரெண்டு பூட்டும் வேண்டாம், ஒரே பெரிய பூட்டாகப் போட்டுவிடலாம் என்பது அவள் யோசனை. அனுப்பின கையோடு அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஸஹர் குரல் அழைப்பில் வந்துவிட்டாள். ஸஹர் பேட்ச் பார்ப்பதில் பேர் போனவள். பிள்ளைகள் இரண்டும் பின்னால் கத்துகிற சத்தத்தைத் தாண்டி அவள் கத்துவாள்.

"ஏன்டி, ரெண்டு ரூமுக்குச் சண்டைன்னா வீட்டையே பூட்டிட்டுத் தெருவுல நிப்பியா? வேகம் என்ன ஆச்சுன்னு பாத்தியா?"

பஸ்ராவில் அதைப் போட்டுப் பார்த்த முஹன்னதும் அழைப்பில் சேர்ந்துகொண்டார். மாவு மில்லின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. உறைந்து போனதை முதலில் புகார் சொன்னவரும் அவரே. "தங்கச்சி, உறையலை. ஆனா இதுக்கு உறைஞ்சே இருக்கலாம். கழுதை வண்டி மாதிரிப் போகுது."

நவ்ரெஸுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் சொல்வது நியாயம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரே ஒரு சட்டம்: யாராக இருந்தாலும் முதலில் மின்சாரப் பூட்டு, அப்புறம்தான் வரிசைப் பூட்டு. இந்த ஒழுங்கை மாற்றி யாரும் எடுக்கக் கூடாது. அனுப்பும் வேலையை அப்படியே திருப்பி எழுதினாள். ஸஹர் படித்தாள், முணுமுணுத்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. ஸஹர் குறை சொல்லாதது அபூர்வம். நவ்ரெஸ் எழுந்து மேஜையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டாள். மில்லில் ராத்திரி முழுக்க ஓடட்டும், காலையில் பார்க்கலாம் என்று முஹன்னத் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முஹன்னத் அழைத்தார்.

"தங்கச்சி, பறந்துச்சு. 'நான் ஓட்டிப் பார்த்தேன்'னு என் பேரைப் போட்டு மெயில் எழுதி, அனுப்பற பட்டன்ல விரலை வச்சேன். அந்த நேரம் பாத்து மறுபடி உறைஞ்சு போச்சு."

அழைப்பில் சேர்ந்திருந்த ஸஹர், முதல்முறையாகக் கத்தாமல், ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி, காவல்காரன் ஏன் கத்தலை?"

சோதனைக்காகக் கெர்னலில் காவல்காரன் என்கிற கண்காணிப்பு நிரலைக் கிளப்பிவிடலாம். பொல்லாத சந்தேகப் பேர்வழி. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டை எடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருத்தன் முறை மாற்றி எடுத்துவிட்டால் போதும், முட்டிக்கொள்வதற்கு முன்பே ஊரைக் கூட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் இந்த டிரைவர் விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை. நல்ல டிரைவர், அதனால்தான் திறக்கவில்லை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

நவ்ரெஸ் தன் கோப்பைத் திறந்து, காவல்காரனுக்குச் சம்பந்தப்பட்ட வார்த்தைகளைத் தேடினாள். ஒரு வரி கிடைத்தது. மின்சாரப் பூட்டைச் செய்யும் இடத்துக்கு நேர் கீழே. அதன் அர்த்தம் இவ்வளவுதான்: இந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாதே.

"இதை நான் எழுதலை," என்றாள்.

"உன் பேர்லதானே இருக்கு?"

"என் பேர்ல இருக்கு. நான் எழுதலைடி!"

குழுவுக்கு அவள் அனுப்பிய பழைய மெயில் எல்லார் பார்வைக்கும் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தாள். அதில் அந்த வரி இல்லை. கெர்னலுக்குள் போன பிரதியில் இருக்கிறது. நடுவில் அதைத் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான். பேட்சை எடுத்துக்கொள்ளும்போது பொறுப்பாளர் அங்கங்கே சின்னச் சின்னதாகத் தட்டிச் சரிசெய்வது வழக்கம். செய்தால் கீழே ஒரு குறிப்பும் எழுதுவார்கள். இதில் குறிப்பு எதுவும் இல்லை.

"போகுமிலா?" என்றார் முஹன்னத், ஏதோ இமாம் திருடினார் என்று கேள்விப்பட்டவர்போல.

"அதை அப்புறம் பேசுவோம். முதல்ல வரியைத் தூக்கிட்டு ஓட்டுங்க," என்றாள் ஸஹர்.

ஓட்டினார்கள். கெர்னல் எழுந்து நிற்பதற்குள் காவல்காரன் தொண்டை கிழியக் கத்தினான். திரை முழுக்கச் சிவப்பு. நவ்ரெஸ் அதைப் படித்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அனுப்பும் வேலையும் இல்லை, தூங்க வைக்கும் வேலையும் இல்லை! மூன்றாவதாக ஒருத்தன். கேபிள் கழன்று திரும்பச் சேரும்போது கார்டை எழுப்புகிற வேலை. அது இன்னமும் பழைய முறைப்படி, வரிசைப் பூட்டை முதலில் எடுத்துக்கொண்டிருந்தது.

"முஹன்னத் அண்ணே, உங்க கேபிள் கழலுதா?"

"கழலாம என்ன செய்யும்? மேல அரவை மெஷின் ஓடினா கட்டடமே குதிக்குது. என் டீயே கோப்பையில நிக்காது!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உலகத்தில் எத்தனையோ இடத்தில் ஓடும் கார்டு இந்த ஒரு மில்லில் மட்டும் ஏன் செத்துச் செத்துப் பிழைத்தது என்பது விளங்கிவிட்டது. கேபிள் வேலையை ஸஹர் தானே திருத்தி எழுதுகிறேன் என்று பிடுங்கிக்கொண்டாள். பிள்ளைகளைக் கணவன் தலையில் கட்டிவிட்டு எழுதினாள். முஹன்னத் அரவை மெஷின்கள் அத்தனையையும் ஓடவிட்டு, போதாததற்குக் கேபிளைக் கையாலும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். கார்டு ஒரு தடவைகூட உறையவில்லை. "இப்ப போடறேன் என் பேரை! பெரிய எழுத்துல போடறேன்!" என்று அவர் கத்தியதில், சமையலறையில் கூஸ்கூஸ் ரவைப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்த காஸி திரும்பிப் பார்த்தான்.

பூட்டு முறைக்கு ஒரு பேட்ச், கேபிள் வேலைக்கு ஒரு பேட்ச்; மிச்சம் இருந்தது மூன்றாவது, அந்த வரியை நீக்குவது. ஒரே ஒரு வரி. ஆனால் ஏன் நீக்குகிறோம் என்று எழுத வேண்டும், அது முறை.

"தங்கச்சி, நான் சொல்றதைக் கேளு," என்றார் முஹன்னத். "பெரிய மனுஷன். உன் தலையெழுத்து அவர் கையில இருக்கு. ஊரறிய எழுதாதே. தனியா ஒரு மெயில் போடு."

"தனியா சொன்னா தனியாவே குழி தோண்டிப் புதைச்சுடுவாங்க," என்றாள் ஸஹர். "குழுவுல நடந்ததைக் குழுவுலதான் பேசணும்."

"பேசாம வரியை மட்டும் எடுத்துட்டா?" என்று நவ்ரெஸ் இழுத்தாள்.

"எடு. காவல்காரன் வாயை நீதான் கட்டினேன்னு உலகம் நினைக்கும். அப்படிக் கட்டறவனுக்கு இங்க இடமில்லைன்னு அந்த ஆளே எத்தனை தடவை எழுதியிருக்காரு? சமத்தா நீயே போய்த் தலையைக் குடுத்துடு."

நவ்ரெஸுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் அவர் கோபப்பட்டுத் தூக்குவார். சொல்லாவிட்டால் சட்டப்படியே தூக்குவார். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு படி மேலே நின்றது. கம்பெனியில் அவள் செய்த வேலை அடுத்தவன் பேரில் போகிறது. இங்கே அடுத்தவர் செய்த வேலை அவள் பேரில் உட்கார்ந்திருக்கிறது. இருக்கிற ஒரே இடத்திலுமா? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"இந்த வரி நான் அனுப்பிய பேட்சில் இல்லை, எடுத்துக்கொள்ளும்போது சேர்க்கப்பட்டிருக்கிறது. இது காவலை மூடிவிட்டதால் முந்தைய இரண்டு பேட்சுகள் திருத்தும் பிழைகள் வெளியே தெரியவில்லை. வரியை நீக்குகிறேன்."

திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் ப்ர்னோவிலிருந்து மூச்சுப்பேச்சு இல்லை. காஸி மீன் கூஸ்கூஸை அவள் முன்னால் வைத்தான். காரம் ஹரீஸ்ஸா மிளகாய் விழுதில் இருந்ததா கண்ணில் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பிற்பகல் ஏறிக்கொண்டே போனது. மூட்டை கட்டும் நேரம் தாண்டியே விட்டதோ என்று அவள் நினைத்தபோது பதில் வந்தது, குழு முழுவதற்கும்.

"அது என் வரி. காவல்காரன் வீணாகக் கத்துகிறான் என்று நினைத்தேன், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் போட்டேன், குறிப்பும் எழுதவில்லை. பிறகு அதையே மறந்துவிட்டு உங்களை மிரட்டினேன். வெட்கமாக இருக்கிறது. நீக்கும் உத்தரவை அழித்துவிட்டேன். உங்கள் மூன்று பேட்சும் மூட்டையில் ஏறிவிட்டன. நவ்ரெஸ், ஸஹர், முஹன்னத், நன்றி."

நவ்ரெஸ் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டினார். ஸஹர் அங்கே குலவையிட்டாள், அலெக்ஸாந்திரியாவில் கல்யாண வீடு மாதிரி. முஹன்னத் மில் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, விஷயம் புரியாமலே அவர்களும் கை தட்டினார்கள்.

கூத்து அடங்குவதற்குள் இன்னொரு மெயில். இதுவும் போகுமில்தான், ஆனால் இதில் ஒரு பேட்ச் இருந்தது. அதே வாய்க்கட்டு வரியைத் தான் எழுதிய பழைய டிரைவர் ஒன்றிலும் போட்டிருந்தாராம். இப்போது அவிழ்த்துவிட்டதும் காவல்காரன் அங்கேயும் கத்தியிருக்கிறான். அவசரமாகத் திருத்தியிருக்கிறார். எழுதியவரே பார்த்துச் சரி சொல்லக் கூடாது, வேறொருவர் பெயர் வேண்டும். யாருக்கு என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. "நவ்ரெஸ், மூட்டை காத்திருக்கிறது. நீங்கள் பார்க்காமல் அனுப்பமாட்டேன்."

காலைவரை அவளை வாசலுக்கு வெளியே தள்ளவிருந்த மனிதர் தன் எழுத்தைத் தூக்கி அவள் கையில் கொடுத்திருக்கிறார். வரி வரியாகப் படித்தாள். சுத்தமான எழுத்து. முறை சரி, பெயர்கள் சரி. கடைசிப் பக்கத்தில், கார்டு எழ மறுத்தால் பாதியில் திரும்பி வரும் இடத்தில், அவள் கண் நின்றுவிட்டது. மறுபடி படித்தாள். அங்கே நிரல், எடுத்த பூட்டைத் திறக்காமலே வெளியே வந்துவிடுகிறது.

"ஸஹர், இதைப் பாரேன். எனக்குத்தான் தப்பாத் தெரியுதா?"

ஸஹர் பார்த்தாள். "அடிப்பாவி! அவரையே பிடிச்சுட்டியா?"

"சொல்லட்டுமா? அந்தப் பக்கம் மூட்டை வேற நிக்குது."

"என்னைக் கேக்கறியா? உன் பேரைக் கேட்டிருக்காரு, உன் பேரு சும்மாவா?"

நவ்ரெஸ் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினாள். "போகுமில், நன்றாக வந்திருக்கிறது. தோல்வியில் திரும்பும் பாதையில் மட்டும் பூட்டு திறக்கப்படவில்லை. சரிசெய்து மறுபடி அனுப்புங்கள், பார்த்துவிட்டு என் பெயரைத் தருகிறேன். அன்புடன், நவ்ரெஸ்."

"யாருக்குடி இவ்வளவு மும்முரமா எழுதறே?" என்றான் காஸி, தட்டை எடுக்க வந்தவன்.

"என்னைத் தூக்கறேன்னு சொன்னாரே, அவருக்கு."

"என்னவாம் இப்ப?"

"ஒரு பூட்டைத் திறக்காம வெளியே வந்துட்டாரு, திரும்பிப் போய்த் திறந்துட்டு வரச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு தட்டு கூஸ்கூஸ் கேட்டாள்.