ஒரு சாண் தூரம்

கண்புரை அறுவைக்கு முன் எந்த லென்ஸ் வைப்பது என்று பேசத்தான் சர்வேயரை அந்தச் சிறிய அறைக்குள் கூப்பிட்டிருந்தார்கள். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். வெயிலில் நட்டுவைத்த அளவுகோல் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகன். மறுபக்கம், யாரும் கூப்பிடாமலே வந்திருந்த சம்பந்தி, மகனுடைய மாமனார்.

சம்பந்திக்குப் போன வருடமே இரண்டு கண்ணிலும் எல்லாத் தூரமும் காட்டும் லென்ஸ் வைத்தாகிவிட்டது. அன்று முதல் அவர் கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையைப் படிப்பதையும், எதிர்க் கட்டடத்துப் பலகையைப் படிப்பதையும் பார்க்காத உறவினர் கிடையாது. கேட்காதவருக்கும் படித்துக் காட்டுவார்.

சர்வேயருக்கு அந்த லென்ஸ் சரிப்படாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். விழித்திரையில் ஒரு பழைய தழும்பு. ஒரே தூரம் காட்டும் லென்ஸ்தான் வைக்க முடியும். முதலில் வலது கண்ணில் வைப்பதையேதான் பிறகு இடது கண்ணிலும் வைப்பார்கள்; அது தூரத்துக்கா, பக்கத்துக்கா என்பதை நோயாளி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆலோசகர் என்று ஒரு பெண்ணை அங்கே உட்காரவைத்திருந்தார்கள்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கார் ஓட்டுகிறீர்களா என்றாள். ஓட்டுகிறேன் என்றார். கார் உறை போட்டபடி நின்று எத்தனையோ மாதங்களாயின என்று மகனுக்குத் தெரியும். ஆனால் மாமனார் பக்கத்தில் இருக்கும்போது அப்பாவைத் திருத்தும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. கடைசியாக, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் பார்க்கிற வேலை ஏதாவது உண்டா என்றாள். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தூரத்துக்குத்தான் கண்ணாடி. பக்கத்தில் பார்க்க அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டால் போதும்.

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றார். "எனக்குச் சோறு போட்டதே தூரம்தாம்மா. தூரத்துக்கே வெச்சிடுங்க."

"அப்ப ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க சார். இப்பக் கண்ணாடிய போட்டுக்கிட்டே பக்கத்துல பாத்தா எப்படி மங்கலா இருக்கும், இனிமே வெறுங்கண்ணுக்கே அப்படித்தான் இருக்கும். படிக்கிறதுக்குத் தனியா ஒரு கண்ணாடி போட்டுக்கணும்."

சம்பந்தி குறுக்கே புகுந்து, தனக்கு அந்தத் தொல்லையே இல்லை என்றார். சர்வேயர் எழுந்துவிட்டார்.

குறை எதையும் சம்பந்தி வீட்டார் முன்னால் காட்டுவதில்லை என்பது அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறை வழக்கம். அதில் அவருக்கு வெட்கமில்லை. குடும்பம் என்றால் நாலு பேர் முன்னால் ஒரு நிமிர்வு வேண்டும். ஆனால் அன்று வீடு திரும்பிய பிறகு நாற்காலியில் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரம் சாய்ந்திருக்கிறது என்று நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. அவர் கை பட்டுத்தான் சாய்ந்தது; திரும்பப் போய் நேராக்கினார். ஜன்னல் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, மாமாவுக்கு ஆபரேஷன் பயம் என்று மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்தது. பயம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் வழக்கம்போல அவரும் மனைவியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பழைய சண்டை எதையோ தினமும் தொடர்கிறார்கள் என்பது மருமகளின் எண்ணம்.

நடந்தது இதுதான். மனைவி கட்டிலில் உட்காருவாள். சர்வேயர் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் பாதத்தைக் கையிலேந்தி ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். குதிகால் ஓரத்தில் தொடங்கி, உள்ளங்கால் வழியாக, விரல் இடுக்குகள் வரை ஓர் அங்குலம் விடமாட்டார். சர்க்கரை வியாதியில் அவளுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. ஒருமுறை காலில் ஏறிய குண்டூசியோடு நாள் முழுக்க வீட்டில் நடமாடியிருக்கிறாள். தரையில் ரத்தப் பொட்டைப் பார்த்து அவர்தான் கண்டுபிடித்தார். புண்ணை இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து இந்தச் சோதனை. வெளியே சொல்லக் கூடாதென்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். நடக்க முடியாதவள் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரக் கூடாது. பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரும் சர்வேயர் என்ற பேச்சும் வரக் கூடாது. அதை அவள் சொல்லவில்லை, அவரே சேர்த்துக்கொண்டார்.

அன்று அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்தப் பெண் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போட்டபடியே பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பனியில் நனைந்த வரைபடம் போல எல்லாக் கோடுகளும் கலங்கித் தெரிந்தன. குதிகால் சுத்தமாக இருந்தது. மறுபடி ஒருமுறை பார்த்தார். சுத்தம்தான். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

வலது கண்ணில் புரை முற்றியிருந்தாலும் இடது கண் இன்னும் தாக்குப்பிடித்தது. குதிகால் ஓரத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. அதன் அடியில் சிவப்பு.

"என்ன, ஏதாவது இருக்கா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. மருந்து எங்க வெச்ச?"

மருந்து தடவினார். துணி சுற்றினார். எழுந்து ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தார். படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டால் போயிற்று என்று அவள் சொன்னாள். அந்தக் கண்ணாடி அவர் வழக்கமாகப் பார்க்கும் ஒரு சாணுக்கு வருமா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை நம்பி எல்லைக்கல் நட்டவரில்லை அவர்.

காலையில் மருத்துவமனைக்கு மறுபடி போக வேண்டும் என்றபோது மகன் காரணம் கேட்கவில்லை. ஆனால் மருமகள் வழியாகச் செய்தி பறந்து, வாசலில் சம்பந்தி தயாராக நின்றார். தனியாகப் பேசிவிடலாம் என்ற நினைப்பில் மண் விழுந்தது. வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

"பழைய நில வரைபடமெல்லாம் பாக்கணும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "பக்கத்துக்கே வெச்சிடுங்க."

அவள் விடவில்லை. வரைபடத்துக்குப் படிக்கிற கண்ணாடியே போதும், அதற்காகத் தூரத்தை இழக்க வேண்டாம், கார் ஓட்டுவதாகச் சொன்னீர்களே என்றாள். சொன்னது எல்லாம் சரிதான். 

"எவ்வளவு தூரத்துல வெச்சுப் பாப்பீங்க சார்? கையால காட்டுங்க."

அளந்து காட்டச் சொன்னால் கை பொய் சொல்லாது, வாழ்நாள் பழக்கம். இரண்டு கையும் தானாக எழுந்து முகத்துக்கு முன்னால் ஒரு சாணில் நின்றன. ஒரு கை கீழே ஏந்தியபடி, மற்றது மேலே லேசாக அணைத்தபடி.

சம்பந்தி சிரித்தார். "என்ன சம்பந்தி, வரைபடத்தைத் தாலாட்டுறீங்களா?"

மகன் சிரிக்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்தான்.

சர்வேயர் கையை இறக்கவில்லை. இறக்கினால் பேச வராது என்று தோன்றியது.

"வரைபடம் இல்லம்மா. என் சம்சாரத்தோட பாதம். மரத்துப் போச்சு. அவளுக்கு வலிக்காது, அதனால நான்தான் பாக்கணும். காரெல்லாம் நான் ஓட்டுறதே இல்ல."

 அந்தப் பெண் தன் வேலையைப் பார்த்தாள். கண்ணின் அளவு எடுத்த ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பக்கத்துப் பார்வையை விட்டுவைக்கிற மாதிரி லென்ஸ் வைக்கலாம், ஆனால் ஒரு சாணைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் தெளிவு வரும், வெளியே போகக் கண்ணாடி வேண்டும், டாக்டரிடமும் கேட்டுவிடுகிறேன் என்றாள். பரவாயில்லையா என்று கேட்டாள்.

"பரவால்ல. நான் குனியறதக் கொஞ்சம் கொறச்சுக்குவேன்."

வெளியே நடைக்கு வந்ததும் சம்பந்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊர் முழுக்கச் சொல்லப்போகிறார் என்று சர்வேயர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

"எனக்கும் சர்க்கரைதான்," என்றார் சம்பந்தி, தன் ஷூவைப் பார்த்தபடி. "எதிர்க் கட்டடத்துப் பலகையெல்லாம் படிக்கிறேன். இதக் கழட்டி ஒரு நாளும் காலப் பாத்ததில்ல."

சர்வேயரும் குனிந்து அந்த ஷூவைப் பார்த்தார். 

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"யார் முன்னால?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் முழுக்கத் திறக்கவில்லை. அவர் கூடத்தில் நடந்தார், உட்கார்ந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து நடந்தார். விளக்குப் போடும் நேரம் வந்தது. இதுவரை ஒரு நாளும் தவறியதில்லை. கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கியபோது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கட்டிலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் வெளியே நீண்டிருந்தது.

"அந்த வெடிப்ப மொதல்ல பாருங்க," என்றாள். "கோவத்த அப்புறம் வெச்சுக்கறேன்."

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.