சுண்டுவிரல் மை

1989 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு நடந்த அன்று, லண்டன் வால்தம்ஸ்டோவில் தையல் தொழிற்சாலையில் இருந்த சந்திரவதனாவின் இடது சுண்டுவிரலில், காலை ஒன்பதே காலுக்கு, வாக்குச்சாவடி மை ஏறியது. அவள் லண்டனுக்கு வந்து ஐந்து வருடம். விஷயம் எளிது. ஊரைவிட்டு ஓடிவரும் அவசரத்திலும் கோழிக்கூட்டைப் பூட்ட மறக்காத சனங்கள், வாக்காளர் பட்டியலில் பெயரை வெட்டிவிட மறந்திருந்தார்கள். அவளுடைய வாக்கை அங்கே யாரோ போட்டுவிட்டார்கள், மை உரியவளிடம் வந்து சேர்ந்தது. சவர்க்காரம், எலுமிச்சம்புளி, பெற்றோல் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது.

கெட்ட காலம் அது. தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னவர்களும் வாக்களிக்கச் சொன்னவர்களும் ஊரில் ஒருவரையொருவர் சுட்டார்கள். மை விரலைக் கண்டு வீட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்ட சிலர் திரும்பி வரவேயில்லை. லண்டனில் சுடவில்லை. இல்ஃபோர்ட்டில் ஒரு கலியாண வீட்டில் கதிரைகள் பறந்தன, ஒரு கடையின் கண்ணாடி உடைந்தது, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் வீதியில் கண்டால் மற்றக் கரைக்கு மாறினார்கள். புறக்கணிப்புப் பக்கத்தில் சத்தம் கூடியவர் குட்மேய்ஸில் இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா, சந்திரவதனாவின் கூடப்பிறந்த அண்ணன். தங்கையின் விரலைப் பற்றிக் கேள்விப்பட்டதும், இனி அவள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னார்.

மற்றவர்கள் முகம் திருப்பியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் மகளுக்குக் காது குத்த வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் இருக்கவேண்டும், இருந்த ஒரே மாமன் அவர். மூன்று தடவை நாள் வைத்தாள், மூன்று தடவையும் அவர் வரவில்லை. பிள்ளைக்கு இரண்டு வயது முடியப்போனது. 1990 ஓகஸ்டில் கடைசியாக ஒருமுறை தொலைபேசி எடுத்தாள்.

"நீங்கள் வராட்டி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்ரை மடியிலை இருத்துவன் அண்ணை. அவர் ஓம் எண்டிட்டார்."

அண்ணன் வந்தார். தார் இளகும் வெயிலில் இரண்டு கையிலும் கம்பளிக் கையுறை. வாதம் என்று மனைவிக்கும் சொல்லி, ஒன்றரை வருடமாகச் சோற்றைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். பிள்ளையை மடியில் இருத்தித் தலையைப் பிடித்தார். கம்பளி வழுக்கியது. காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கீழே வைத்தார்.

"உதைக் கழட்டுங்கோ. பிள்ளை ஆடினா கண்ணிலை குத்தும்."

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு கழற்றினார். இடது சுண்டுவிரலில் அதே ஊதா.

"அண்டைக்கே வந்திட்டுது," என்றார். "நான் ஷிப்டிலை நிண்டனான்."

"எனக்கும் அப்பிடித்தானே அண்ணை."

"ஓம்," என்றார் அவர், குனிந்தபடி.

சந்திரவதனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அவள் அடக்கவில்லை. வந்திருந்தவர்களில் ஏழு பேர் காற்சட்டைப் பைக்குள்ளிருந்தும் சேலைத் தலைப்புக்குள்ளிருந்தும் இடது கையை வெளியே எடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்காரரும் அதில் இருந்தார்கள். அந்த மை பிறகு ஒருவருக்கும் போகவில்லை, போகவேண்டுமென்று யாரும் தேய்க்கவுமில்லை. பத்தர் குத்தினார். பிள்ளை வீரிட்டாள், மாமனின் ஊதா விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள், அதைச் சப்பிக்கொண்டே மற்றக் காதையும் கொடுத்தாள்.