கல்லாற்றில் பாதை அடைத்த வாரம்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

ஓண விடுமுறையில் நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து நானும் என் கணவர் கோலப்பனும் கல்லாற்றுக்குப் போனோம். அருவிக்குப் போகும் காட்டுப் பாதையின் வாயிலில் காக்கி உடுத்திய ஒரு பெண் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"போகாண்டாம் கேட்டோ. உள்ள ஆனை பெத்துக் கிடக்கு. கூட்டம் மேல ஏறினபெறவு தொறப்போம்."

"யார் உத்தரவு?" என்றேன், எழுத்தாளருக்குரிய தோரணையோடு. அவருக்கு அந்தத் தோரணை தெரிந்ததாகத் தெரியவில்லை.

"எங்க உத்தரவுதான்."

அந்த 'எங்க' என்னை உறுத்தியது. மனதுக்குள்ளேயே புகாரை எழுத ஆரம்பித்தேன். 'பெறுநர்' வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்வது மேலே குடியிருக்கும் காணிப் பழங்குடி மக்களின் வனச் சமிதி. பாதையை அடைப்பதும் திறப்பதும் அவர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவு. சமிதியின் செயலாளர், சங்கிலி மாட்டிய அதே பெண், பகவதி. அதாவது பகவதியைப் பற்றிய புகாரை நான் பகவதிக்கே அனுப்ப வேண்டும்.

அதனால் கதையாக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

'மலையின் மடியில், பச்சைப் பட்டுடுத்திய வனதேவதையைப் போல அவள்—'

வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்:

'பகவதி மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடினாள். யானைகள் நிற்கும் இடத்தைக் காடு அவளிடம்—'

இதைக் கோலப்பன் வாசித்தார். "நாம பாத்தப்போ அவ கையில வாக்கி டாக்கியில்லியா இருந்தது?" என்றார்.

இருந்தது. காணிப் பெண் என்று எழுதியதும் என் பேனா தானாகவே வாக்கி டாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மரத்தைக் கொடுத்துவிடுகிறது. (நான் லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். 'பேனா' என்று சொன்னதும் அதே வியாதிதான்.)

3

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பாதை வாயிலில் ஒரு கடை; அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். டீ, ஆம்லெட், எலுமிச்சை சர்பத். கடைக்காரர் பினு, பகவதியின் கணவர். வருஷத்தில் அந்தக் கடை நிமிர்ந்து நிற்பது ஓண வாரத்தில்தான். அந்த வாரம் பார்த்து அவர் மனைவியே சங்கிலி மாட்டியிருந்தார். வந்தவர்கள் காரைவிட்டு இறங்காமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பினு அதை ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவதி மேற்குப் பக்கம் ரோந்து போன நேரம், நான்கு இளைஞர்கள் வந்து பினுவிடம் தணிந்த குரலில் பேசினார்கள். அவர் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம், "அக்கா, பால் பொங்காம நோக்கிக்கோங்க. இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டு, ஆற்றோரமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் பாலைப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பகவதி திரும்பி வந்தார். ஆளில்லாத கடையைப் பார்த்தார்.

"பினு எங்க?"

"நாலு பையன்மாரக் கூட்டிட்டு" என்று கோலப்பன் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். பகவதி வாக்கி டாக்கியை எடுத்தார். "ஆத்துவழி உள்ள ஆளு கேறியிருக்கு. நாலு பேரு. கூட்டிட்டுப் போனது பினு."

அந்தப் பெயரை அவர் சொல்லாமலும் இருந்திருக்கலாம். மற்ற காவலர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். சொல்லிவிட்டு ஓடினார்.

பிறகு பிளிறல். ('வானம் கிழிந்தது' என்று எழுதியிருந்தேன். உண்மையில், பழைய லாரி ஏற்றத்தில் கியர் மாற்றுவது போலத்தான் இருந்தது. ஆனால் லாரிச் சத்தத்துக்கு நான் கோலப்பனின் கையைப் பிடித்ததில்லை.)

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் இளைஞர்கள் வந்தார்கள், இடுப்புவரை நனைந்து, ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல். அப்புறம் சட்டை கிழிந்த பினு. கடைசியாகப் பகவதி. தாய் யானை அவர்கள் ஏறியிருந்த அக்கரைவரை வந்து நின்றதாம். பகவதி அவர்களைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, சத்தம் காட்டாமல் ஒவ்வொருவராக இக்கரைக்கு ஆற்றைக் கடக்க வைத்திருக்கிறார். குட்டி பின்னால் வராததால் யானை திரும்பிவிட்டது.

பினு கடைக்குள் வந்து அடுப்பை அணைத்தார். பகவதி கடைப் பக்கம் வராமல் சங்கிலியருகே போய் நின்றார்.

4

அடுத்த மாதம் மறுபடியும் போனேன். கதையைப் பகவதிக்கு வாசித்துக் காட்டுவதற்கு என்று சொன்னேன். முடிவு கிடைக்குமா என்று பார்க்கப் போனேன் என்பதுதான் நிஜம்.

குட்டியோடு யானைக் கூட்டம் மேலே ஏறிவிட்டது. பாதை திறந்திருந்தது. கடை தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அடைத்த காலத்தில் ஆள் கூட்டிப் போனால் அடுத்த ஓணம்வரை கடை போடக் கூடாது என்பது சமிதியின் விதி. முதல் தடவைதானே, விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் ஒத்துக்கல்ல" என்றார் பகவதி. "வேற ஒருத்தன் செஞ்சா விடுவமா? என் மாப்ளைக்கு விட்டா அடுத்த தடவை நான் எந்த முகத்த வெச்சு சங்கிலி மாட்டுவேன்?"

"அவர் என்ன சொன்னார்?"

"'செயலாளர் சொன்னது சரிதான்'னு சொல்லிட்டு எறங்கிப் போனான். அன்னைலேர்ந்து எங்கிட்ட சோறு கேக்கல்ல. தானே போட்டுத் திங்கான்."

கதையை வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இந்த ஷூ எழுதல்லையே" என்று காலைக் காட்டினார். புதிய கறுப்பு ஷூ. (எழுதிவிட்டேன்.)

பிறகு, "ஓடினேன்னு எழுதியிருக்கு. சும்மா ஓடல்ல. கரைஞ்சிட்டே ஓடினேன்" என்றார்.*

நான் அவரைக் கண் கலங்காத வீராங்கனையாக எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அழுததை எழுதலாமா?"

"எழுதணும். ஆனை அவன சவிட்டிக் கொன்னிருக்கும்னு நெனச்சேன். பேரைச் சொன்னதே அவனுக்கு நான் கடைசியாச் செஞ்ச காரியம்னு ஆகிப்போகுமேன்னு நெனச்சேன். நீங்க என்னெ கல்லு மாதிரி எழுதியிருக்கு. அதப் படிச்சா அவனும் அப்படித்தானே நெனப்பான்?"

* கரைவது என்றால் அழுவது. நமக்குக் காக்கை மட்டும் கரையும், இங்கே மனிதர்களும்.

5

முடிவு அ: பினு மனம் திருந்தி, காக்கி உடுத்திக் காவலராகிறார். ("சர்க்கார் விளம்பரம் கணக்கா இருக்கு" – கோலப்பன்.)

முடிவு ஆ: ஒரு நாள் அந்தக் குட்டி யானை பினுவின் எதிரே வந்து தும்பிக்கையை— மன்னித்துக்கொள்ளுங்கள்.

முடிவு இ: நான் பார்த்தது. அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தத்தில் பினு பையோடு நின்றார். விழிஞ்ஞத்தில் கட்டட வேலைக்குப் போகிறார் என்று பக்கத்து சீட்டில் யாரோ சொன்னார்கள். பகவதி காக்கியோடு வேகமாக இறங்கி வந்து அவர் எதிரே நின்றார். இரண்டு பேரும் பேசவில்லை.

"சேட்டா, கேறுந்நோ?" ஏறுகிறாரா என்று கண்டக்டர் பினுவைக் கேட்டார்.

அப்போது பகவதி என்னைப் பார்த்துவிட்டார். 'அந்தப் பக்கம் திரும்பு' என்று கையால் காட்டினார். திரும்பிக்கொண்டேன். மணி அடித்தது.

நெடுமங்காட்டில் இறங்கும்போது பஸ்ஸுக்குள் ஒருமுறை பார்த்தேன். ஆகையால் பினு ஏறினாரா இல்லையா என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொல்லாமலிருப்பது இந்தக் கதையில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு என்கிறார் கோலப்பன்.

நீங்கள் அவரை ஏற்றியும் விடலாம். ஏற்றாமல், பகவதியோடு மேலே நடக்கவும் விடலாம். எதுவானாலும் இருவரில் ஒருவர் முதலில் பேசியாக வேண்டும். அதை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் பகவதி அழகாகப் பேசிவிடுகிறார், பினு உடனே சமாதானமாகிவிடுகிறார். அவர்கள் அவ்வளவு எளிதான ஆட்கள் இல்லை. அதனால் முதல் சில வார்த்தைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்; மீதியை நீங்கள் எழுதுங்கள்.

பகவதி வாயைத் திறந்தார், "இஞ்ச பாரு, நான் அன்னைக்கு—"