எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்க

கஸ்பாருக்கும் படிப்புக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு டிங்கி என்கிற சின்ன மோட்டார் படகு ஓட்டப் போனவர், நாற்பத்தேழு வயதில் நோட்டும் பேனாவுமாக மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார் என்றால் அதற்குப் படகுச் சங்கம்தான் காரணம். இந்த சீசனிலிருந்து முதலுதவிப் பயிற்சி அட்டை இல்லாதவர் யாரும் சுண்ணாம்புக் குகைக்கு டூரிஸ்டை ஏற்றக் கூடாது என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. அந்தமானின் பாராடாங் தீவில் அந்தப் படகுச் சவாரியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நான்கு நாள் பயிற்சி. காட்டிலோ கடலிலோ, ஆஸ்பத்திரி கைக்கெட்டாத இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால், டாக்டரிடம் போய்ச் சேரும்வரை அவரை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்பதுதான் பாடம். படகுத்துறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பதினாறு பேர். படகுக்காரர்கள், மலையேற வழிகாட்டுகிறவர்கள், கடலுக்குள் முங்கிப் பார்க்க ஆள் கூட்டிப் போகிறவர்கள். போதாக்குறைக்கு போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டிலிருந்து பாலகுமார் என்று ஒரு பேங்க் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுக்குள் நடப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் பையில் திசைகாட்டி இருந்தது, விசில் இருந்தது, மடக்குக் கத்தி இருந்தது, நான்கு வகைக் கயிறு இருந்தது. ஒரு முடிச்சு மட்டும் போடத் தெரியாது.

சொல்லிக்கொடுக்க வந்தவள் சௌமியா, போர்ட் பிளேர் ஷாதிபூர்ப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் முதலில் இந்தியில் சொல்லிவிட்டு, தமிழ் ஆட்களுக்காகத் தமிழில் இன்னொரு தரம் சொல்வாள். மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு கஸ்பாரின் மனைவி ரோசலினுடையது. கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, சோறும் மீன் குழம்பும் ஆக்கிக்கொண்டே, புருஷன் பாடத்தைக் கவனிக்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

முதல் இரண்டு நாள் கஸ்பார்தான் ராஜா. ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, உடைந்த கையைத் துடுப்போடு சேர்த்துக் கட்டுவது எல்லாம் கயிறும் துணியும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். அது அவருக்கு அத்துப்படி. பாலகுமாருக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

மூன்றாம் நாள் காலையில் சௌமியா முதுகெலும்பை எடுத்தாள்.

"உயரத்துல இருந்து விழுந்தவங்களை, முதுகுல அடி வாங்கினவங்களை உடனே தூக்கிட்டு ஓடக் கூடாது. உள்ள எலும்பு உடைஞ்சிருந்தா நம்ம தூக்குற தூக்குல அது நரம்பை அறுத்துரும். அதுக்கப்புறம் அவங்க கால் அவங்களுக்கு இல்லை. தண்ணி ஏறுற இடம், தீப்பிடிச்ச இடம்னா மட்டும்தான் நகர்த்தணும். மத்தபடி அவங்களுக்கு அவசரம் இல்லை. நமக்குத்தான் அவசரம்."

"அதுக்குள்ள போர்ட் பிளேர் போற கடைசி கான்வாய் போயிட்டா, மேடம்?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"ஆம்புலன்ஸுக்குக் கேட்டா வழி விடுவாங்க அண்ணா. இதுவரைக்கும் யாராவது கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

ஒருவரும் கேட்டதில்லை. கஸ்பார் பேனாவை மூடி வைத்தார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம், பொள்ளாச்சியிலிருந்து பழனிசாமி என்று ஒருவர் மனைவியோடு குகை பார்க்க வந்தார். திரும்பும் வழியில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும் பலகைப் பாதையில் வழுக்கி, ஐந்தடிப் பள்ளத்தில் வேர்கள்மேல் மல்லாக்க விழுந்தார். எழ முடியவில்லை. அப்போது மணி ஒன்றரை. போர்ட் பிளேர் போகிற ரோடு ஜாரவா மக்களின் காட்டு வழியே போகிறது. வண்டிகள் இஷ்டத்துக்குப் போக முடியாது, குறித்த நேரத்துக்கு எல்லாம் வரிசை கட்டி ஒன்றாகத்தான் போக வேண்டும். கடைசி கான்வாய் மதியம் மூன்று மணிக்கு. அதை விட்டால் மறுநாள்தான். பாராடாங் படகுக்காரருக்குப் பசி, மழை, காய்ச்சல் எல்லாம் இரண்டாம் பட்சம், கான்வாய்தான் முதல். முப்பது வருடம் அந்த மணிக்கே ஓடிய உடம்பு கஸ்பாருடையது. யோசிக்கவே இல்லை. அந்த மனிதரைத் தோளில் அரிசி மூட்டைபோலப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தார். டிங்கியில் கிடத்தி, என்ஜினை முறுக்கி, எதிர்க்கரையில் நின்ற வண்டியில் ஏற்றினார். கான்வாயில் கடைசி வண்டியாக அது போனது. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். ஒரு மாதம் கஸ்பார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அப்புறம்தான் டீக்கடையில் ஜீப் டிரைவர் நாகலிங்கம் சொன்னார். "அந்தப் பொள்ளாச்சிக்காரருக்கு இடுப்புக்குக் கீழ ஒன்னுமே இல்லையாம் பையா. யாரோ தூக்குன தூக்குலதான்னு டாக்டர் சொல்லிட்டாராம்." நாகலிங்கத்துக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் கஸ்பாரின் தூக்கம் அன்றோடு போயிற்று.

படகு பேசுவதற்காக அந்த மனிதர் கூப்பிட்ட நம்பர் போனிலேயே இருந்தது. ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்காமல் பயந்துகொண்டிருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். அந்த மனிதர் டிங்கியிலேயே விட்டுப்போன இடது கால் செருப்பை மட்டும் தூக்கிப் போட மனம் வராமல், முன்பலகைக்கு அடியில் சொருகி வைத்திருந்தார். இதெல்லாம் ரோசலினுக்கு மட்டும் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"எனக்கு அட்டையும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்."

ரோசலின் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "போய் என்ன செய்வியளாம்?"

"காலையில அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டல்லா? நரம்பை அறுத்துருமாம். அப்ப நான்தான அறுத்தேன். ஒரு மனுசனை முடமாக்கிட்டு, நாளைக்குச் சட்டையில அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு டூரிஸ்ட் ஏத்தச் சொல்லுதியா?"

"முடமாயிட்டாருன்னு நீங்க பாத்தியளா? அந்த நாகலிங்கம் போன வருசம் சுனாமி வருதுன்னு சொல்லி ஊரையே மலையில ஏத்துன ஆளு. தட்டுல போட்ட சோத்தைச் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. போகவும் இல்லை. அதற்குள் சௌமியா எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டுவிட்டாள். தண்ணீர் வற்றியிருந்த சேற்றில் இரண்டு பேராகப் பிரிந்து செய்து பார்க்க வேண்டும். ஒருவர் அடிபட்டவர், ஒருவர் உதவிக்கு வந்தவர். கஸ்பாருக்கு ஜோடி பாலகுமார்.

"நான் படுத்துக்கிடுதேன் மேடம்," என்றார் கஸ்பார். "அடிபட்டவனா இருக்கதுக்குத்தான் நான் லாயக்கு. யாரையும் தொடச் சொல்லாதீங்க."

சௌமியா அவர் முகத்தைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். கஸ்பார் சேற்றில் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்தார். சௌமியாவே உட்கார்ந்து அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பாலகுமார் கால்மாட்டில் மண்டியிட்டு, புத்தகத்தில் இருந்தபடி ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்.

"கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்க."

"சுண்டு விரல்."

"இப்ப?"

"கட்டை விரல்."

"என் கையை மிதிச்சுத் தள்ளுங்க. வெரிகுட். கால்ல உணர்ச்சி இருக்கு, அசைவும் இருக்கு." பாலகுமாருக்கு ரொம்ப சந்தோஷம். அப்போதுதான் கஸ்பாரின் குதிகாலில், காலையில் சிப்பி கீறிய காயத்தைப் பார்த்தார். பொறுப்பான மனிதர் இல்லையா, ஒரு கை கடல் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினார்.

"அரே, எரியுது சார்," என்று கஸ்பார் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இழுத்தவர் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதுகு உடைந்தவர் உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்து ஜோடிகள் சிரித்தன. கஸ்பாருக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. டிங்கியின் அடியில் எப்போதும் நாலு விரற்கடை உப்புத் தண்ணீர் கிடக்கும். அன்றைக்குப் பழனிசாமியைக் கிடத்தியதும் அவர் கால் அந்தத் தண்ணீரில் பட்டது. பாதமெல்லாம் வேர் கீறிய காயம். அந்த மனிதர் இதேபோலத்தான் கத்தினார். மூன்று வருடமாக விழுந்ததையும் தூக்கியதையும் ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்தவருக்கு, இந்த ஒன்று மட்டும் நினைவுக்கு வந்ததே இல்லை.

"மேடம், ஒரு சந்தேகம். தூக்கிட்டு வந்து படகுல போட்டதுக்கு அப்புறம், ஒரு ஆளு கால் எரியுதுன்னு கத்தினா என்ன அர்த்தம்?"

"யாரு அண்ணா?"

அவர் சொன்னார். சேற்றில் உட்கார்ந்தபடியே, பொள்ளாச்சியிலிருந்து நாகலிங்கம்வரை ஒன்று விடாமல் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

சௌமியா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கத்தினதோட சரியா, இல்லை காலை அசைச்சாரா?"

"ரெண்டு காலையும் இழுத்துப் பலகை மேல வச்சுக்கிட்டாரு. அப்பத்தான் இடது செருப்பு கழண்டு விழுந்துச்சு."

"அப்போ உங்க படகுல இருந்தவரைக்கும் அவருக்கு உணர்ச்சியும் இருந்திருக்கு, அசைவும் இருந்திருக்கு. உங்க தோள்ல வச்சு நரம்பு அறுபடலை. அவ்வளவு என்னால சொல்ல முடியும். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்க தூக்கினது தப்புதான் அண்ணா. அதனால கெடுதல் நடந்துச்சாங்கறது வேற விஷயம். அதை அவரைத்தான் கேக்கணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோசலின் வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு கஸ்பாரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். "நீங்க போடுதியளா, நான் போடட்டா?"

சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது படகுத்துறையின் மூன்றாவது படியில். கஸ்பார் அங்கே போய் நின்றார். ரோசலின் பக்கத்திலேயே நின்றாள். அங்கே மணி போனது. பழனிசாமியின் மனைவி எடுத்தால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆண்குரல் ஒன்று இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

"அலோ, யாருங்க?"

"சார், நான் அந்தமான்ல இருந்து. பாராடாங். படகுக்காரன் கஸ்பார்."

"என்னையத் தோள்ல போட்டுத் தூக்கியாந்தவருங்களா?"

"ஆமா சார்."

"ஒரு நிமிசம் இருங்க. சத்தத்துல ஒன்னும் கேக்கல. டிராக்டரை நிறுத்திட்டு எறங்கிக்கறேன்."

இரைச்சல் நின்றது. தொப்பென்று மண்ணில் கால் ஊன்றும் சத்தம் கேட்டது. "ம், இப்பச் சொல்லுங்க."

கஸ்பாருக்குச் சொல்ல வந்தது எல்லாம் மறந்துவிட்டது. "எறங்கிட்டீங்களா சார்? நீங்களாவா?"

"பின்ன, என்னைய யாரு எறக்கி உடுவாங்க?"

கஸ்பார் படியில் உட்கார்ந்தார். கண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. ரோசலின் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தாள். மூன்று வருடமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அப்போதுதான் கீழே இறங்கினார் என்று சொல்ல வேண்டும்.

வால் எலும்பில் விரிசல்தானாம். நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாராம். இப்போது தோட்டத்து வேலை எல்லாம் அவரேதான். நாகலிங்கம் சொன்னதைக் கேட்டதும், "எந்தக் கழுதைங்க அப்படிச் சொன்னது?" என்றார்.

"உங்க இடது கால் செருப்பு இங்கதான் இருக்கு சார்."

"அட, எம்பட செருப்புங்களா? புதுச் செருப்புங்க அது. என்னிக்காச்சும் வரும்னு இன்னொன்னை ரெண்டு வருசம் வச்சிருந்து, போன பொங்கலுக்குத்தான் தூக்கிப் போட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க, ஒன்னு சொல்றனுங்க. நீங்க தூக்குனப்ப வலியில எனக்கு உசுரே போயிருச்சு. எறக்கி உடுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன், நீங்க கான்வாய் கான்வாய்னே ஓடுனீங்க. அடுத்தவாட்டி யாராச்சும் உழுந்தா, அவங்க சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்க."

"வாங்குறேன் சார்," என்றார் கஸ்பார்.

கரைக்குத் திரும்பியபோது விஷயத்தை அவர் முகமே சொல்லிவிட்டது. ரோசலின் மீதி இருந்த சோற்றை அவர் தட்டில் போட்டு மூடி வைத்தாள்.

"பாலகுமார் சார், இப்ப நீங்க படுங்க," என்றார் கஸ்பார்.

பேங்க் ஆபீசர் தம் விலையுயர்ந்த சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் படுத்தார். கஸ்பார் தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்தார். கால்மாட்டுக்கு சௌமியா போனாள்.

அப்போது எதிர்க்கரையில் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கடைசி கான்வாய். படகுக்காரர்கள் அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கினார்கள். ஒருவர் பாதி எழுந்தே விட்டார். கஸ்பாரின் முழங்காலும் ஒரு கணம் துடித்தது.

பாலகுமார் கண்ணை உருட்டி மேலே பார்த்தார். "கான்வாய் கிளம்புது போல இருக்கே அண்ணே."

"போகட்டும் சார். நீங்க அசையாதீங்க." கஸ்பார் கையை எடுக்காமல் குனிந்தார். "எங்க வலிக்குதுன்னு மெதுவாச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."