ஓய்தின் வண்டியின் வலப்பக்க இருக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கலை அல்ல, வயிற்றெரிச்சல்.

மாதம் ஒரு முறை எங்கள் தெரு ஆண்கள் எட்டுப் பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் புலாவ் சாப்பிடுவோம். மத்திய ஆசியாவில் இருக்கிற எங்கள் கோக்கந்து நகரத்தில் இந்தக் கூட்டம் இல்லாத தெரு கிடையாது. போன மாதம் ஒலிம் வீட்டு முறை. கை கழுவி உட்கார்ந்ததுமே அவன் மஷ்ராப் கதையை எடுத்துவிட்டான். மஷ்ராப் அன்றைக்கு வரவில்லை. வராதவன் தலைதானே எந்த ஊரிலும் உருளும்? பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியைத் தானே படம் பிடித்து, போக்குவரத்துப் போலீசுக்குத் தானே அனுப்பி, தன் பெயருக்கே அபராதம் வாங்கிக்கொண்ட மனுஷனின் கதை. கடைசியில் ஒலிம் குரலைத் தாழ்த்தி, "வண்டிக்குள்ள பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு தெரியுமா? மூணு அடுக்குக் கேக்கு!" என்றான். ஆறு பேருக்கும் புரையேறியது. ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நான் இந்த ஊர் நூற்பாலைக்கு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கல்யாணமும் இங்கேதான். கதை எழுதுகிறவன் என்று பெயர் வேறு. என் பேச்சுக்கு ஒருவருக்காவது புரையேறியிருக்குமா? வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன், அந்தக் கதையை அவனைவிட நன்றாக நான் சொல்லிக் காட்டுவது என்று. (மஷ்ராப் என்பது நான் வைத்த பெயர். ஒலிம் என்பது அவனுடைய நிஜப் பெயர். வேண்டுமென்றுதான்.)

2

தொடக்கங்கள்:

"அந்த நகரத்தில் பத்து வண்டிக்கு எட்டு வண்டி வெள்ளை. அதனால் எந்த வெள்ளைக்குள் யார் என்று…" (விட்டுவிட்டேன். ஒலிமும் இப்படித்தான் ஆரம்பித்தான்.)

"பொறாமை என்பது…" (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

"மஷ்ராப் நல்லவன்."

இது இருக்கட்டும். மஷ்ராப் நல்லவன்தான். நகரத் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. நாள் முழுக்க நடை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பான். வண்டி ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்றான். அவன் மனைவி ஓய்தின் முதல் தடவையே தேறினாள். அவள் வீட்டில் தேன் கேக் செய்து கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். கையில் தொழில், முகத்தில் சிரிப்பு, காலடியில் ஆக்சிலரேட்டர். வண்டி மட்டும் மஷ்ராப் பெயரில் இருந்தது.

ஒருநாள் மீட்டர் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர் கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னார். "உங்க வீட்டம்மாவை நேத்து பாலத்துக்கிட்ட பார்த்தேன் தம்பி. பாடிக்கிட்டே ஓட்டிட்டுப் போறாங்க. பார்க்கவே நல்லா இருந்துச்சு."

மஷ்ராப்புக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவள் பாடி அவன் கேட்டதே இல்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடம். பாலத்தின் மேல் போகிற வருகிறவன் எல்லாம் கேட்கிற பாட்டை, தாலி கட்டியவன் கேட்கவில்லை. (இந்த ஊரில் தாலி கிடையாது. வேறு சொல் வரவில்லை, இருக்கட்டும்.) அன்றிலிருந்து அவன் கண்ணுக்கு எல்லாம் பட்டது. வட்டச் சாலையில் போக்குவரத்துப் போலீஸ்காரன் அவளுக்குத் தலை அசைக்கிறான். ரொட்டி விற்பவன் கண்ணாடியைத் தட்டிச் சூடான ரொட்டியாகப் பார்த்து நீட்டுகிறான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் தேவையில்லாமல் முடியைக் கோதிக்கொள்கிறான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? மானம் போய்விடும். சாப்பிடும்போது வேறு மாதிரி ஆரம்பித்தான்.

"வெயில்ல கிரீம் உருகுதுன்னியே. வண்டிக் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டிரலாமா?"

ஓய்தின் அவனை ஒரு நொடி பார்த்தாள். "கிரீமுக்காங்க?"

"பின்ன யாருக்கு?"

3

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கதைக்குத் தேவை.

எங்கள் ஊரில் வண்டிக் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ஒட்டினால் அபராதம்.* வேறு பல அபராதங்களும் உண்டு. புகைக்குழாயை மாற்றி உறுமவைத்தால், முன்விளக்கில் நீல வெளிச்சம் போட்டால், ஹாரனில் பாட்டு வைத்தால். நான் யோசித்துப் பார்த்ததில், ஒவ்வொரு அபராதத்துக்குப் பின்னாலும் ஓர் ஆசை இருக்கிறது. உறுமுகிறவன் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்கிறான். நீல விளக்குக்காரன் எல்லாரும் பார்க்க வேண்டும் என்கிறான். கறுப்பு ஒட்டுகிறவன், நான் பார்ப்பேன், என்னை யாரும் பார்க்கக்கூடாது என்கிறான். மஷ்ராப்பின் ஆசை இதில் எதிலும் சேராது. அவனுக்கு, இன்னொருத்தியை யாரும் பார்க்கக்கூடாது. இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் தனிப் பிரிவு இல்லை.

* விதி மீறும் வண்டியை யார் வேண்டுமானாலும் கைபேசியில் வீடியோ படம் பிடித்துப் போலீசுக்கு அனுப்பலாம். அதற்குச் சன்மானமும் உண்டு. எங்கள் தெருவில் இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒலிம் அதில் ஒருவன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவன் இல்லை.

சந்தைப் பின்தெருவில் கறுப்புத் தாள் ஒட்டுகிற பொதிர், சீட்டு இருக்கிறதா என்று கேட்டான். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றான் மஷ்ராப். அப்படிச் சொல்கிற யாரும் வாங்குவதில்லை என்பது பொதிருக்குத் தெரியும். சோப்புத் தண்ணீர் அடித்து, தாளை வைத்து, ரப்பர் பட்டையால் இழுத்துவிட்டான். சாயங்காலம் வண்டி வெளியே வந்தபோது பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் கரிச்சட்டி மாதிரி இருந்தன.

இரண்டு வாரம் மஷ்ராப் நிம்மதியாகத் தூங்கினான்.

மூன்றாவது வாரம் தெருவோரமாக நடந்துகொண்டிருந்தபோது அந்த வண்டி அவனைக் கடந்து போனது. திரும்பிப் பார்த்தான். கண்ணாடியில் அவனுடைய முகம்தான் தெரிந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, ஊராருக்கு மறைத்ததில் தனக்கும் சேர்த்தே மறைத்துக்கொண்டோம் என்று. முன்பாவது அவளை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

நாலு நாள் கழித்து, உச்சி வெயிலில், மருந்தகத்துச் சிக்னலில் வண்டி நின்றது. முன் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. அந்தக் கண்கூச்சத்துக்குள்ளே, ஓய்தினுக்கு வலப்பக்கத்தில், அவளைவிட உயரமாக ஓர் உருவம். (இந்த ஊரில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம்.) மஷ்ராப் கைபேசியை எடுத்து வீடியோ படம் பிடித்தான். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றுதான். வீட்டுக்கு வந்து படத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினான். வெயில்தான் பெரிதானது.

அன்றைக்கு ராத்திரி, இன்றைக்கு யாரையெல்லாம் பார்த்தாய் என்று கேட்டான். மூன்று வீட்டுக்குக் கேக் கொடுத்தேன், ஏன் என்றாள். சும்மா என்றான்.

கறுப்பை எடுத்துவிடு என்று அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால், ஏன் ஒட்டினீர்கள் என்ற கேள்வி வரும். கிரீம் இப்போது உருகாதா என்பாள். அரசாங்கமே எடுக்கச் சொன்னால்? யாரோ ஒரு குடிமகன் புகார் செய்தான், அபராதம் வந்தது, எடுத்தோம். யார் மேலும் பழி இல்லை. மஷ்ராப் அந்தப் படத்தை அனுப்பிவிட்டான்.

4

அந்த உருவம் யார்?

கேக் என்பது ஒலிமின் முடிவு. நல்ல முடிவு. இதை எழுத எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அதை நான் தொட மாட்டேன், பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்.

(அ) கல்யாண வீடுகளில் பாடுகிற ஒருவன். அவன்தான் அவளுக்குப் பாட்டு… (உட்காரவைத்து இரண்டு வரி எழுதினேன். அவன் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இறக்கிவிட்டேன்.)

(ஆ) அவளுடைய தம்பி. (ஒழுக்கமான முடிவு. பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு அனுப்பலாம்.)

(இ) வழியில் கை காட்டிய கர்ப்பிணிப் பெண். (இரக்கம் வரும். கதை செத்துவிடும்.)

யாரை உட்காரவைத்தாலும் எனக்கு ஆகவில்லை. ஏன் என்று யோசித்தேன். ஓய்தினை உண்டாக்கியது நான். அந்தச் சிரிப்பு நான் கொடுத்தது. அவள் பக்கத்தில் இன்னொருத்தர் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மஷ்ராப்பைப் பைத்தியக்காரன் என்று சொல்லவந்தவனுடைய லட்சணம் இது.

5

இனி வருவது ஒலிமுக்குத் தெரியாதது. இது என்னுடையது.

வீட்டுக் கட்டணம் எல்லாம் ஓய்தின்தான் கைபேசியில் கட்டுவாள். அதனால் எல்லாக் கணக்கிலும் இருப்பது அவள் எண். அபராதச் செய்தியும் அங்கேதான் வந்தது. சமையலறையில் மணிக்கட்டு வரை கிரீமோடு நின்றிருந்தாள்.

"போலீஸ்லேருந்து ஏதோ வந்திருக்குங்க. படம் இருக்காம். என் கையெல்லாம் கிரீம், நீங்க தட்டுங்க."

மஷ்ராப் கைபேசியை எடுத்தான். தட்டினான்.

சிக்னல். வெள்ளை வண்டி. கறுப்புக் கண்ணாடி. படத்தோடு சத்தமும் பதியும் என்பதை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. பிறகு மெதுவாக ஒரு குரல். "யாரது… பக்கத்துல யாரது, ஓய்தின்?" கெஞ்சுகிற குரல். அவனுடைய குரல்.

படம் முடிந்தது. ஓய்தின் கிரீமைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டான். தன் குரலைத் தானே நின்று கேட்டான். அவள் கையைக் கழுவினாள். விரல் விரலாக, நிதானமாகக் கழுவினாள். அழவில்லை, கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"கிரீமுக்குன்னு சொன்னீங்க" என்றாள். "நானும் நம்புற மாதிரி இருந்தேன்."

தலைமுடி உலர்த்துகிற கருவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். சூடு காட்டிச் சூடு காட்டி ஒவ்வொரு கண்ணாடியாகக் கறுப்பை உரித்தாள். ஐந்து கண்ணாடி. அவன் உதவிக்குப் போனான், வேண்டாம் என்றாள். யார் உட்கார்ந்திருந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இங்கே நின்றுவிட்டேன். மூன்று நாள் ஒரு வரிகூட நகரவில்லை.

6

என் மனைவி முஹய்யோவுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதியதை அவளுடைய மொழியில் சொல்லிக்கொண்டே போவேன், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். இந்த முறையும் அப்படித்தான்.

"யாரு உட்கார்ந்திருந்தாங்கங்கறதை விடுங்க" என்றாள். "இந்த மனுஷன் ஏன் அந்த சீட்டுல உட்காரலை?"

"அது எப்படி? பொண்டாட்டி ஓட்ட, ஆம்பளை பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போனா தெருவுல சிரிக்க மாட்டாங்களா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒலிமிடம் தோற்றது போதாதென்று, இப்போது சொந்த வீட்டிலும். கதையின் அச்சாணியை வெங்காயம் நறுக்குகிறவள் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறாள். (இதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு வண்டியை ஓட்டுவது முஹய்யோதான். நான் பின்னால் உட்காருவேன். கால் நீட்ட வசதி என்று சொல்வது வழக்கம்.)

7

ஆகவே, உரித்த கறுப்பு முற்றத்தில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. ஓய்தின் மார்கிலான் ஊர்க் கல்யாணத்துக்கான கேக்கைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டாள். வாசல் கதவை அகலமாகத் திறந்துவைத்தாள். எதிர்ச் சாரியில் தெரு ஆண்கள் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிமும் இருக்கிறான்.

அவள் வலப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க."

மஷ்ராப் தெருவைப் பார்த்தான். போன வாரம் ஏறியிருந்தால் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. இன்றைக்குக் கண்ணாடி பளிங்காக இருக்கிறது. தெரு முழுக்க அந்த ஆண்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பஸ்ல வரேனே" என்றான்.

"பஸ்ஸெல்லாம் வேண்டாம்." அவள் குரல் உயரவே இல்லை. "பதினொரு வருஷமா இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. பக்கத்துல யாருன்னு கேட்டீங்க இல்ல? ஏறுங்க. ஏறலைன்னா நான் மார்கிலான்ல அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன். கேக்குக்கு அங்கேயும் ஆள் இருக்கு."

சுற்றிவந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கதவு திறந்தபடி இருக்கிறது. மஷ்ராப்பின் கை கதவு விளிம்பில் இருக்கிறது. எதிர்ச் சாரியில் பேச்சு நின்றுவிட்டது.

அவனை ஏற்றிவிட எனக்கு ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன்: "மஷ்ராப் ஏறி…" அதற்கு மேல் பேனா போகவில்லை. பின் சீட்டில் கால் நீட்டிக்கொண்டு போகிறவன் எழுதுகிற வரியை அவன் எப்படி நம்புவான்? நிஜத்தில் என்ன நடந்தது என்று ஒலிமுக்கு நிச்சயம் தெரியும். அவனிடம் போய் நான் கேட்க மாட்டேன்.

நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். என்னைவிட உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கலாம். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் கியரில் கை வைத்துவிட்டாள்.

வாசலில் முஹய்யோ ஹாரன் அடிக்கிறாள். சந்தைக்குப் போக வேண்டும், இது இரண்டாவது ஹாரன். நான் எழுந்துவிட்டேன். எந்தக் கதவைத் திறக்கப்போகிறேன் என்று கேட்காதீர்கள்.