நாற்பத்து மூன்று பொம்மைப் பெட்டிகள்

டாக்டர் எலியோதோரோ அர்சாபேக்கு நான் விட்டு விட்டு இருபத்தாறு வருஷம் கார் ஓட்டினேன். அவர் எந்த நோய்க்கும் மருத்துவர் இல்லை. எங்கள் லா பாஸ் நகரத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு நீளமாகப் பேசினால் டாக்டர்தான். இவர் ரொம்ப நீளமாகப் பேசுவார். ஐந்து கட்சி மாறியவர். ஒவ்வொன்றிலும் சேர்ந்த அன்று, 'தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்' என்று கண்ணீர் விட்டார். எத்தனை தாயோ, பாவம்!

அவரிடம் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று: கடல். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துப் போரில் பக்கத்து நாட்டிடம் பறிபோன கடற்கரையை மீட்டுத் தருவேன் என்று மேடைக்கு மேடை முழங்குவார். கேட்கிற நாங்களும் கை தட்டுவோம், பொய் சொல்வானேன். ஆனால் நான் குடியிருக்கும் ஆல்ட்டோ கந்தூத்தா மேட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. என் மனைவி பசிலியா தினமும் இருநூறு படி இறங்கி, லாரித் தண்ணீரைப் பிடித்து, முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவாள். நாற்பது வயதிலேயே அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது.

இந்த நிலையில் டாக்டர் தண்ணீர்த் துறைக்கே அமைச்சரானார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று துள்ளினேன். எங்கள் மேட்டுக்குக் குழாய் போடும் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. பதினோரு மாதம் கழித்தும் அது அங்கேயே கிடந்தது. அதன்மேல்தான் கோக்கா இலை டீக் கோப்பையை வைப்பார்.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "டாக்டர், எங்க மேட்டுக் குழாய் விஷயம்..."

"ஏம்ப்பா செவெரோ, நான் உங்களுக்குக் கடலையே கொண்டாரப் போறேன். நீ என்னடான்னா குழாயப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே!"

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர் வானம் ஏறப் போகிறாராம். வீட்டில் வந்து சொன்னேன். பசிலியா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு வருஷமா அந்த ஆளுக்குக் கார்க் கதவத் திறந்து விடுற. நம்ம வீட்ல ஒரு குழாயத் திறக்க முடியுதா உன்னால?"

எனக்குச் சுருக்கென்றது.

"சரி, அத வுடு. அந்த ஆளு எப்பிடிய்யா அஞ்சு தடவ வெளிநாட்டுத் தூதரா போனாரு?"

"எந்த ஜனாதிபதி வந்தாலும் போய் எதிர்ல உக்காந்து கடலப் பத்திப் பேசுவாரு. ரெண்டு வாரம் கேப்பாங்க. மூணாவது வாரம் எங்கியாச்சும் தூரமா அனுப்பிடுவாங்க."

பசிலியா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நாமளும் அனுப்பிடுவோம்."

எங்கள் ஊரில் ஜனவரி இருபத்துநான்கு, அலசிட்டா சந்தை. வீடு வேண்டுமா, பொம்மை வீடு. கல்யாணம் வேண்டுமா, பொம்மைச் சேவல். வாங்கி, உச்சிப்பொழுதில் பூசாரியிடம் புகை காட்டினால் வருஷத்துக்குள் நிஜமாகும். தானே வாங்கிக்கொள்வதைவிட அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் இன்னும் பலிக்கும். எங்கள் மேட்டுப் பெண்கள் நாற்பத்து மூன்று பேரும் ஆளுக்கொரு பொம்மைப் பெட்டி வாங்கினார்கள், தீப்பெட்டி அளவில், பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்கானது. ஒவ்வொன்றிலும் பசிலியா ஒரு சீட்டுச் சுருட்டி வைத்தாள்: 'எங்கள் கோப்பில் கையெழுத்துப் போடுங்கள்.'

"என் வேலைக்கு உலை வச்சிடாத, தாயே!" என்றேன்.

"ஒண்ணத் தெறந்து பாத்தாருன்னா கையெழுத்துப் போடட்டும், இருந்துட்டுப் போகட்டும். பாக்கலைன்னா எங்கியாச்சும் தூரமாப் போய்ச் சேரட்டும்."

உச்சிப்பொழுதுக்குப் புகை காட்டி, அப்படியே அமைச்சகத்துக்கு வந்து, வரிசையாக நீட்டினார்கள். பெட்டி என்றால் பயணம் என்பது இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால் தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்பது மட்டும் அவர் புத்தியில் ஏறவே இல்லை.

"நான் இன்னும் பெரிய பதவிக்குப் போகணும்னு வேண்டிக்கிறாங்க!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

காரில் வரும்போது ஒரு பெட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பெருவிரல் கொக்கிமேல் இருந்தது. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு, 'திற ஐயா, திறந்து தொலை' என்று மனசுக்குள் கெஞ்சினேன். போன் அடித்தது. பெட்டியைப் பையில் போட்டுவிட்டு, அரைமணி நேரம் கடலைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்த ஜனாதிபதி விழுந்து விழுந்து சிரித்தாராம். "ஜனங்களே மூட்டை கட்டிக் குடுத்துட்டாங்க. அப்புறம் நான் எதுக்கு யோசிக்கணும்?" மூன்றாவது வாரம் டாக்டர் மங்கோலியாவுக்குத் தூதரானார். அங்கேயும் கடல் கிடையாது. நாற்பத்து மூன்று பெட்டிகளையும் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனார்.

புதிதாக வந்த அமைச்சர் சின்ன வயதுப் பெண். பேச்சு கம்மி. வந்த ஒன்பதாம் நாள், டீக்கறை வட்டத்துக்குள்ளேயே கையெழுத்துப் போட்டாள். ஆகஸ்டில் மேட்டுக்குத் தண்ணீர் வந்தது. பசிலியா குழாயைத் திறந்து, கையை நீட்டி, சும்மா நின்றாள். பிறகு முழங்காலை நனைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், என்ன வெட்கம்.

இரண்டு வருஷம் கழித்து, ஜனவரியில், டாக்டர் ஆறாவது கட்சியோடு திரும்பி வந்தார். செனட்டர் பதவிக்கு நிற்கிறாராம். அமைச்சகத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக எங்கள் மேட்டுக்கு ஓட்டச் சொன்னார். அன்று இருபத்துநான்காம் தேதி.

குழாயடியில் நின்று முழங்கினார். "இந்தத் தண்ணி என் கனவு! என் மேசைமேல பதினோரு மாசம் பாதுகாத்து வச்ச கோப்பு! நீங்க குடுத்த பெட்டிங்கள இன்னிக்கும் கண்ணாடி அலமாரியில வச்சிருக்கேன். ஒண்ணக்கூடத் திறக்கல, அப்பிடியே வச்சிருக்கேன்!"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் போய், அவர் ஊர் திரும்பிய செய்தி கேட்டதுமே வாங்கி, அன்று உச்சிப்பொழுதில் புகை காட்டி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். இந்த வருஷப் பெட்டிகள் கொஞ்சம் பெரியவை, செங்கல் அளவு. பசிலியாதான் முதலில் நின்றாள்.

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். "பாத்தியா செவெரோ, ஜனங்க என்னை மறக்கவே இல்ல!"

"எப்பிடி மறப்பாங்க, டாக்டர்?"

போன தடவை வேலை போய்விடும் என்று பயந்து நான் எதுவும் கொடுக்கவில்லை. இந்தத் தடவை கார் டிக்கியைத் திறந்து நாற்பத்து நான்காவது பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். உள்ளே சீட்டு எதுவும் வைக்கவில்லை.