தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சந்தைத் திடலின் புளியமரக் கிளையில் பஞ்சு நிறுக்கிற பெரிய தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு தட்டில் துணி விரித்த கூடை, மறுதட்டில் எடைக்கற்கள். காலையிலிருந்து எண்பது பிள்ளைகள் அந்தக் கூடையில் ஏறி, ஊரைக் கூட்டி அலறிவிட்டு இறங்கியிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் இப்படியொரு கூத்தைப் பார்த்ததில்லை.

வன்னியம்பட்டியிலிருந்து நடந்தே வந்த முத்துப்பேச்சிக்குக் கால் வலியே தெரியவில்லை. இடுப்பில் எட்டு மாசத் தவிட்டான் முன்னால் நிற்பவளின் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இந்தக் குழந்தைப் போட்டியில் கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளைக்கு முதல் பரிசு, ஆறு மாதத்துக்குத் தினமும் அரைப்படி பசும்பால். மண்வெட்டி பட்டு அவள் புருஷன் காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். அடுத்த வாரம் அவள் ராஜபாளையத்துப் பஞ்சாலைக்குப் போயாக வேண்டும். அந்தப் பால் கிடைக்காவிட்டால் பிள்ளைக்குப் பகலெல்லாம் நீராகாரம்தான்.

"ஏட்டி, பயப்படாத. இவனை அடிச்சிக்க இங்க ஆளு கிடையாது" என்றாள் நர்ஸ் ஏசம்மாள். தவிட்டானுக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தான். அழைத்து வந்ததும் அவள்தான்.

தவிட்டானைக் கூடையில் வைத்தார்கள். அவன் அழவில்லை. தராசுக் கயிற்றைப் பிடித்து ஆட்டிவிட்டுச் சிரித்தான். கல்லுக்கு மேல் கல் ஏறியது.

"பதினெட்டரை ராத்தல்!"

கூட்டம் ஹோவென்று கத்தியது. டாக்டரம்மா பிள்ளையின் ஈறு, கண், வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் இவன்தான் முதல்" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார். முத்துப்பேச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்தது பதிவு மேஜை. குமாஸ்தா தனுஷ்கோடி தன்னைக் கலெக்டர் என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"தவிட்டான்."

"யாரு பிள்ளை?"

"எம்பிள்ளை இல்ல சாமி. தவிட்டுக்கு வாங்கினது."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்த அன்றே சுளகில் போட்டுப் பக்கத்து வீட்டு அங்காளம்மாளிடம் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்கினாள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டான். பெற்றவள் தன் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். எட்டு மாதமாக ஊரில் யார் கேட்டாலும் இதே பதில்தான்.

தனுஷ்கோடி எழுதி முடித்து நிமிர்ந்தார். "பெத்த தாய்தான் கொண்டாரணும். வேற யாரும் கொண்டாந்தா செல்லாது. தள்ளு."

"ஐயா, நான்தான் பிரசவம் பாத்தேன்! இவ வயித்துல பொறந்தவன்!" என்று ஓடி வந்தாள் ஏசம்மாள். "ஏட்டி, வாயத் திறந்து சொல்லுட்டி!"

முத்துப்பேச்சி பிள்ளையைப் பார்த்தாள். சொன்னால் எமன் காதில் விழும். சொல்லாவிட்டால் பால் போகும். அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"எம்பிள்ளைதான்! நாந்தான் பெத்தேன்! பத்து மாசம் சுமந்து நாந்தான் பெத்தேன்!"

திடலே திரும்பிப் பார்த்தது. அப்படிச் சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மார்பில் பால் கசிந்து சேலை நனைந்தது.

"செத்த நேரத்துக்கு முந்தி இல்லன்ன. இப்ப ஆமாங்குற. எழுதினது எழுதினதுதான். நாளைக்கு யாராவது பிராது கொடுத்தா நானா பதில் சொல்ல?" தனுஷ்கோடி பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

ஏசம்மாள் டாக்டரம்மாவைத் தேடி ஓடினாள். அவரை ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்புக்குப் போகிற கார் அதற்குள் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"முதல் பரிசு, பெரிய வீட்டுப் பிள்ளை! பதினேழு ராத்தல்!"

அந்த வீட்டு வேலைக்காரி மாரியாத்தாள், பட்டுத் தொப்பி போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தனுஷ்கோடி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அம்மா வரலியா?"

"அவியளுக்கு வெயிலு ஒத்துக்காது. என்னைய அனுப்பினாக."

"அதுக்கென்ன, அதுக்கென்ன" என்று அவர் பேரேட்டை அவள் பக்கம் திருப்பினார். மாரியாத்தாளின் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து, 'பெற்ற தாய்' என்று போட்டிருந்த கட்டத்தில் அழுத்தி எடுத்தார்.